சாரலின் முகம்

சாரலின் முகம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காத ஆள் அலவத்துகொடையில் இல்லை. மீன் கொண்டு வருகிறவர் கேட்டிருக்கிறார். பஸ் கொண்டக்டர் டிக்கட்டைக் கிழித்தபடியே கேட்டிருக்கிறார். பல் பிடுங்கப் போன இடத்தில் டொக்டர் என் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு கேட்டார். பதில் சொல்ல முடியாமல் கிடந்த அந்த ஒரு தடவைதான் எனக்குக் கோபம் வரவில்லை.

சாரல் ஓர் உளவாளி. கண்டி வாவிக்கு அடியில் இருக்கும் இரகசியக் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிறாள். அப்படி ஒரு கந்தோரும் இல்லை, சாரலும் இல்லை. இரண்டும் ‘சாரல்’ என்ற சித்திரக்கதை இதழில் மட்டும்தான் இருக்கின்றன. வருஷத்துக்கு இரண்டு இதழ், இதழுக்கு முப்பத்திரண்டு பக்கம், கறுப்பு வெள்ளை. கதை எழுதுவது கௌசிகன். படம் கீறுவது நான், ஹிதாயா. பதினோரு இதழ் வந்துவிட்டது. அவற்றில் ஓர் இடத்திலும் சாரலின் முகம் இல்லை. அவளுக்கு மட்டுமில்லை, எதிரிக்கும் இல்லை, தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் இல்லை. ஒரு குடை வந்து மறைக்கும். இல்லாவிட்டால் பனிமூட்டம், இல்லாவிட்டால் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். முகமே இல்லாத ஒரு நகரத்தில் எல்லாரும் எல்லாரையும் உளவு பார்க்கிறார்கள் என்று வாசகர்கள் அதைக் கொண்டாடினார்கள். நான் பேசாமல் இருந்தேன்.

தொழிலால் நான் வீட்டுப் பிளான் கீறுகிறவள். கட்டுகஸ்தோட்டையில் ஓர் ஆர்க்கிடெக்ட்டின் கந்தோரில் பதினான்கு வருஷமாகக் கூரைகளும் படிக்கட்டுகளும் கீறுகிறேன். வீட்டின் முன்தோற்றத்தைக் கீறும்போது, கதவு எவ்வளவு உயரம் என்று பார்ப்பவருக்கு விளங்குவதற்காக வாசலில் ஓர் ஆளை நிறுத்துவது வழக்கம். மற்றவர்கள் கொம்பியூட்டரில் கிடக்கும் ஒரு தடியனை எடுத்து ஒட்டிவிடுவார்கள். எனக்கு அந்தத் தடியனைக் கண்டாலே பிடிக்காது. நான் கையால் ஒரு பெண்ணைக் கீறுவேன். மழைக்கோட்டும் குடையுமாக ஒரு காலை முன்னே வைத்தபடி நிற்பாள்.

கௌசிகன் அந்தக் காலத்தில் பிளான்களைப் பார்த்து ஒப்பமிடும் அரச கந்தோர் ஒன்றில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஹந்தானை ரோட்டில் மேல்மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து மனைவி நிவேதிகாவோடு இருந்தார். ஒரு நாள் எங்கள் கந்தோருக்குக் கோல் எடுத்து என்னைக் கேட்டார். மலசலகூடக் குழியின் தூரத்தைப் பிழையாகப் போட்டுவிட்டேனோ என்று பயந்துகொண்டே ஃபோனை வாங்கினேன்.

"இந்தக் குடைக்காரி ஆர்?" என்றார். "மூண்டு பிளானிலை மூண்டு வீட்டு வாசலிலை நிக்கிறா. மூண்டும் வேற வேற ஊர். இவ என்னத்தைத் தேடித் திரியிறா எண்டு எனக்கு நித்திரை வரேல்லை."

நான் சிரித்துவிட்டேன். அடுத்த மாதம் கந்தோர்ப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதிய முதல் கதை வந்து சேர்ந்தது.

எங்கள் வேலை ஒரு முறையில் நடந்தது. கௌசிகன் முப்பத்தொரு பக்கத்துக்குக் கதை தருவார். அத்தனையையும் நான் கீறி முடித்த பிறகுதான் முப்பத்திரண்டாம் பக்கத்தைத் தருவார். முடிவு முன்கூட்டியே தெரிந்தால் கை அவசரப்படும் என்பது அவருடைய வாதம். நிவேதிகா எழுத்துப்பிழை பார்த்து வசனக் குமிழ்களுக்குள் எழுதுவாள். பின்னட்டையில் என்ன போடுவது என்பது கௌசிகனின் பொறுப்பு. அதில் நான் தலையிட்டதில்லை. தலையிட்டிருக்க வேண்டும்.

பதினோராம் இதழ் அச்சாகி வந்த அன்று பின்னட்டையைத் திருப்பினேன். ‘அடுத்தது கடைசி இதழ். சாரலின் முகத்தை அதில் பார்ப்பீர்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

எனக்கு முன்கோபம். அதை மறைக்கிற பழக்கமும் கிடையாது. அன்றைக்கே மழையில் பஸ் ஏறி, வாவிக்கரைக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாகச் சந்திக்கும் பேக்கரிக்குப் போனேன். கௌசிகன் மீன் பணிஸ் ஒன்றைப் பாதி கடித்தபடி இருந்தார். இதழை அவர் முன்னால் போட்டேன்.

"ஆரைக் கேட்டு இதைப் போட்டீங்க?"

"என்ன இது, இப்பிடிக் கோவப்படுறியள்? கடைசி இதழ்தானே. எனக்குக் கிளிநொச்சிக்கு மாற்றம் வந்திட்டுது. போகமுந்தி சனத்துக்கு ஒருக்கா முகத்தைக் காட்டிவிடுவம்."

"நான் முகம் கீறமாட்டேன் எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

பணிஸைக் கீழே வைத்தார். "கீறமாட்டியளோ? ஏன்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே தெரியாதுதான். ஆறு வருஷமாக இந்த மனிதர் நான் முகம் கீறாததன் காரணத்தை விளங்கிக்கொண்டுதான் இவ்வளவு குடையும் இவ்வளவு பனியும் எழுதுகிறார் என்று நம்பியிருந்தேன். வாய்விட்டுக் கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாமல் நடக்கிறாரே என்று மனதுக்குள் நன்றிகூடச் சொல்லியிருந்தேன்.

"உம்மாவுக்கு ஒரு சத்தியம் குடுத்திருக்கிறேன். மொகம் கீறுறதில்ல, கண் வெக்கிறதில்ல எண்டு. சின்ன வயசுல."

கௌசிகன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வெளியே வாவி முழுக்க மழை புள்ளி போட்டுக்கொண்டிருந்தது.

"முதல் கதையிலை அவளின்ரை கண்ணைப் பற்றி நான் அரைப் பக்கம் எழுதினனான்" என்றார் கடைசியில். "நீங்கள் அந்த இடத்திலை குடையைக் கீறிக்கொண்டு வந்தியள். சரி, உங்களுக்கு அந்த ஸ்டைல்தான் பிடிச்சிருக்கெண்டு நினைச்சன். ரெண்டாம் கதையிலை நானே பனியைப் போட்டன். பிறகு அதுவே பழகிப் போச்சு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"எப்பிடிக் கேக்கிறது? சமய விசயமாயிருந்தால், நான் கேக்கிறது மரியாதையில்லை எல்லே. நீங்கள் சொல்லியிருக்கலாம்."

"நீங்க கேக்காம விட்டதை நான் மரியாதை எண்டு நெனச்சேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் ஏலாமல் இருந்தது. எண்ணூறு பேர் காத்திருந்து வாங்குகிற ஓர் இதழ், அதன் முகமில்லாத நகரம், அந்தப் புகழ் எல்லாமே இரண்டு பேரின் மரியாதையில் பிறந்த பிழை.

"வேண்டாமெண்டால் விடுவம், ஹிதாயா. சனத்திட்டை மன்னிப்புக் கேட்டு ஒரு வரி போடுறன். உம்மாவுக்குக் குடுத்த வாக்கைவிட இது பெரிசில்லை."

சரி என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. கேட்டவர்கள்மேல் எல்லாம் நான் ஏன் இத்தனை வருஷம் எரிந்து விழுந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சாரலின் முகத்தைப் பார்க்க அவர்களைவிட எனக்கு ஆசை. இந்த இதழோடு அவள் போய்விடுவாள். அதற்குப் பிறகு யாரும் எனக்கு அவளை எழுதித் தரப்போவதில்லை. பார்க்காமலே அனுப்பிவைப்பதா? ஆனால் உம்மாவின் கையில் அடித்துக் கொடுத்த சத்தியத்தை ஒரு சித்திரக்கதைக்காக உடைப்பதா?

"நீங்க முப்பத்தொரு பக்கத்தையும் தாங்க. மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

கடைசி இதழின் கதையை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவது போல ஒரு சுகம். அரச உத்தியோகத்தர் மாற்றலாகிப் போகும்போது பொறுப்புகளை ஒப்படைப்பார்கள் அல்லவா? சாரலும் ஒப்படைக்கிறாள். பதினோரு இதழில் அவள் திருடிய இரகசியங்களை ஒவ்வொன்றாக உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டு போகிறாள். யாரையும் சுடவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. வத்தேகமச் சந்தையில் மரக்கறிக் கூடைகளுக்கு நடுவே ஒரு வரைபடத்தை வைக்கிறாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வீடு ஒன்றின் யன்னலில் ஒரு கடிதத்தைச் செருகுகிறாள். பேராதனையில் புறப்பட்டுக் கண்டிக்கு வந்து சேராத ஒரு ரயிலுக்குள் ஏறி, உறங்குகிற பிரயாணி ஒருவரின் சட்டைப் பையில் அவருடைய உண்மைப் பெயரைப் போட்டுவிட்டு இறங்குகிறாள். வாவிக்கு அடியில் இருக்கும் கந்தோரின் கூரை கண்ணாடி. மேலே மீன்கள் போகும். கூரை ஒழுகுவதால் லிகிதர்கள் குடை பிடித்தபடி ஃபைல் பார்ப்பார்கள். அந்தக் கந்தோரில் ஒரு சட்டம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர், போகும் நாளில் ஒரே ஓர் ஆளுக்குத் தன் முகத்தைக் காட்டலாம்.

அதைக் கீறிய ஏழு வாரமும் மழை. காலையில் கந்தோர், பின்னேரம் வீட்டு மேசை. பஸ்ஸில் வரும்போது யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். அக்குறணையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது பஸ் ஆமை வேகத்தில் ஊரும். நான் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பக்கத்தை யோசிப்பேன். எங்கே யோசனை முடிந்தது, எங்கே நித்திரை தொடங்கியது என்று தெரியாது. பஸ் வாவிக்குள் இறங்கி அடியில் போவது போல இருக்கும். பச்சைத் தண்ணீர் கண்ணாடியில் மெதுவாக ஏறும். யாரும் பதறமாட்டார்கள். எனக்கு முன் சீட்டில் மழைக்கோட்டோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். தோளில் ஈரம், மடியில் குடை. நான் அவள் தோளைத் தொட்டு, திரும்புங்க என்று சொல்வேன். அவள் திரும்பத் தொடங்குவாள். கன்னத்தின் விளிம்பு தெரியும். அந்த நேரம் பார்த்து கொண்டக்டர், "அலவத்துகொட, அலவத்துகொட" என்று கத்துவான். அவனை அடிக்கலாம் போல இருக்கும்.

ஊருக்குள்ளும் அப்படித்தான் ஆனது. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்தால் குடைகளும் கைகளும் செருப்புகளும்தான் தெரிந்தன. யோசித்துப் பார்த்தேன். எனக்கு எப்போதுமே அப்படித்தான். கந்தோரில் என் பக்கத்து மேசையில் பத்து வருஷமாக இருக்கும் சப்னாவின் விரல்களை என்னால் கண்ணை மூடிக்கொண்டு கீற முடியும். அவளுக்குக் கன்னத்தில் மச்சம் இருக்கிறதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கீறக்கூடாததைப் பார்த்து என்ன பயன் என்று என் கண் எப்போதோ பார்ப்பதை நிறுத்தியிருக்கிறது.

முப்பத்தோராம் பக்கத்தை அனுப்பிய மறுநாள் கடைசிப் பக்கம் வாட்ஸ்அப்பில் வந்தது. சாரல் வாவிக்கரையில் நிற்கிறாள். மழை விடுகிறது. குடையை மடக்குகிறாள். திரும்புகிறாள். அதற்குக் கீழே ஒரே ஒரு சொல்லாக, ‘முகம்’. அதற்கும் கீழே கௌசிகன் எழுதியிருந்தார்: ‘நீங்கள் கீறினால் போடுவம். கீறாட்டி வெறும் பெட்டியாய் விடுவம். ரெண்டும் எனக்குச் சம்மதம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும்.’

அன்று ஞாயிறு. வீட்டில் நானும் உம்மாவும்தான். வாப்பா மௌத்தாகி நாலு வருஷம். தம்பி அஹ்னாப் கட்டாரில். உம்மாவுக்கு அறுபத்துமூன்று வயது, சீனி வருத்தம், தினம் ஊசி, ஆனால் நாக்கு இன்னும் கூர்தான். ஒவ்வோர் இதழ் வரும்போதும் முதல் பிரதியை உம்மாவிடம்தான் கொடுப்பேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யன்னலடியில் இருந்து முதலில் இருந்து கடைசி வரை வாசிப்பார். மூடி வைத்துவிட்டு, "நல்லம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக ஆறு மாதம் உழைக்கலாம். நான் வாக்கைக் காப்பாற்றியதற்குத்தான் அந்த ‘நல்லம்’ என்று நினைத்திருந்தேன்.

மேசையில் கடைசிப் பக்கத்தின் வெறும் பெட்டியைப் பார்த்தபடி இருந்தேன். உம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தாளை எட்டிப் பார்த்தார்.

"இதுலதானா மகள் அவட மொகம் வரப்போற?"

"உம்மா?"

"பின்னுக்குப் போட்டு ஈந்திச்சே. எனக்கும் வயசு போற. பாக்காம மௌத்தாகிருவேனோ எண்டு பயமா ஈந்திச்சி." கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் எத்தனையோ நாள் கேக்கோணும் எண்டு நெனச்சது. நீ எனத்துக்கு ஒருத்தருக்கும் மொகம் வெக்கிறல்ல?"

தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"நீங்கதானே கீற வாணாம் எண்டு சென்ன."

"நானா? எப்ப?"

"எனக்கு ஒம்பது வயசுல. நாலாம் வகுப்புல. 'மொகம் கீறாத மகள், கண் வெக்காத' எண்டு சென்னீங்க. கைய நீட்டி சத்தியம் வாங்கினீங்க. குசினிக்குள்ள."

உம்மா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார். நினைவு வருவது அவர் உடம்பில் தெரிந்தது. தோள் மெல்ல இறங்கியது.

"அந்தக் கலண்டர்த் தாள்ள கீறின படமா?" என்றார்.

எனக்குப் படம் மறந்துவிட்டது, சத்தியம்தான் ஞாபகம். உம்மாவுக்குச் சத்தியம் மறந்துவிட்டது, படம் ஞாபகம். அதை அவர் இப்படிச் சொன்னார்.

"அஹ்னாபுக்கு அப்ப ஆறு மாசம். மூச்சு இழுக்கும். ராப்பகலா தோள்ல போட்டுட்டு நடப்பேன். அந்தக் கிழமைதான் எனக்கு டீச்சர் வேலைக்குக் கடிதம் வந்தது. வத்தேகம பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம். நான் சோதின எழுதினது வாப்பாக்குத் தெரியும். பாஸ் எண்டு கடிதம் வந்தது தெரியா. நான் யோசிச்சிப் பாத்தேன். புள்ளய ஆருட்ட உடுற? கடிதத்த மடிச்சி அரிசி வாளிக்குள்ள வெச்சிட்டேன். ஒருத்தருக்கும் சொல்லல்ல."

"வாப்பா போக வாணாம் எண்டு சென்னாரா?"

"சென்னா சண்ட புடிச்சிட்டுப் போயிருப்பேனே! அவர் ஒரு நாளும் அப்பிடிச் செல்லமாட்டார். நானேதான் முடிவெடுத்த. அப்ப ஆரோட கோவப்படுற? அதால குசினி யன்னலடில நிண்டுட்டு கொஞ்ச நேரம் அழுவேன். மொகத்தக் கழுவிட்டு வந்து சோறு வெப்பேன். ஒருத்தருக்கும் தெரியா எண்டுதான் நெனச்சிட்டு ஈந்த."

உம்மா சிரித்தார். "நீ எங்க ஈந்து பாத்தியோ தெரியா. கலண்டர்த் தாள்ள என்ன அப்பிடியே கீறிச் செவத்துல ஒட்டி வெச்சிருக்க. அழுற மாதிரி இல்ல. கண்ணீர் எல்லாம் இல்ல. அழுது முடிச்சி மொகம் கழுவின பொறகு ஈக்கிற மொகம். அது எப்பிடி ஒரு சின்னப் புள்ளக்குத் தெரிஞ்சிச்சி? வாப்பா பகல் சாப்பாட்டுக்கு வந்தார். படத்துக்கு முன்னுக்கு நிண்டார், நிண்டார், சரியான நேரம் நிண்டார். 'இந்தப் படத்துல நீ எனத்துக்கு இப்பிடி ஈக்க?' எண்டு கேட்டார். எனக்கு நெஞ்சு தண்ணி வத்திப் போச்சி. 'புள்ள கோணலாக் கீறியிருக்கிற' எண்டு செல்லிச் சிரிச்சேன். அவர் கடைக்குப் போன உடனே படத்தக் கழட்டிட்டு உன்னக் கூப்பிட்டேன்."

"மார்க்கத்துக்காகச் சென்னதில்லையா?"

"இல்ல மகள். நீ கண்டுபுடிச்சிருவ எண்ட பயத்துல சென்னது."

எனக்குக் கோபம் வந்தது. எப்போதும் வருகிற கோபம் இல்லை, வேறு. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். இருபத்தேழு வருஷம்! மத்ரஸாவில் உயிருள்ளதின் உருவத்தைக் கீறக்கூடாது என்று ஹஸரத் ஒருவர் சொன்னதும் உம்மா சொன்னதும் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மதிலாக எழும்பியிருந்தது. அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு கூரையும் குடையும் கீறிக்கொண்டு ஒரு வாழ்க்கை போயிருக்கிறது. உம்மாவோ பதினோரு இதழையும் வாசித்துவிட்டு, இவள் ஏன் முகம் கீறுவதில்லை என்று தானும் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். மகள் பெரிய ஆர்ட்டிஸ்ட், காரணம் இருக்கும் என்று கேட்காமல் விட்டிருக்கிறார். இந்த வீட்டிலும் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

"ஒரு நாளாவது என்னட்ட சென்னீங்களா?" என்று கத்தினேன். "அந்தக் கடிதம், வேல, ஒண்டும் எனக்குத் தெரியாதே!"

"உனக்கு ஒம்பது வயசுலயே தெரியும்" என்றார் உம்மா. "அதுதான் பிரச்சின."

அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன். உம்மா என் தலையைத் தடவவில்லை. எங்கள் வீட்டில் அது பழக்கமில்லை. ஆறிய தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தார்.

"ஹஸரத் சென்னது உனக்கும் அல்லாஹ்வுக்கும் எடையில ஈக்கிற விஷயம். அத நீ யோசி. என்ட சத்தியத்த நான் திருப்பித் தாரேன்."

இரண்டு நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அந்தக் கேள்வியோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கிடைத்த பதில் என்னோடு இருக்கட்டும். மூன்றாம் நாள் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.

முதல் முகம் முட்டை. இரண்டாவது, பள்ளிக்கூடச் சுவரில் பிள்ளைகள் கீறுகிற சூரியன். மூன்றாவதில் ஒரு கண் காதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. மழைக்கோட்டின் ஒவ்வொரு மடிப்பையும், நனைந்த தாரில் விழும் வெளிச்சத்தையும் கீறத் தெரிந்த என் கைக்கு ஒரு மூக்கு தெரியவில்லை. உடம்பெல்லாம் வளர்ந்து அந்த ஓரிடத்தில் மட்டும் கை ஒன்பது வயதிலேயே நின்றுவிட்டிருந்தது. இன்டர்நெட்டில் பார்த்துக் கீறினேன். அழகாக வந்தது, சாரல் வரவில்லை. பகல் வரைக்கும் பதினேழு தாள் கிழித்தேன். மழை தூறிக்கொண்டே இருந்தது. வெளியே பாக்கு மரங்கள் வெள்ளைப் பனிக்குள் பாதி அழிந்து நின்றன. என் வேலைக்கு அதுதான் வசதி என்று கேலி செய்வது போல இருந்தது.

உம்மா உள்ளே வந்து நிலத்தில் கிடந்த முகங்களைக் குனிந்து பார்த்தார்.

"ஆரு மகள் இது? பேய் மாதிரி ஈக்கி."

"எனக்கு ஏலா உம்மா. மறந்து போச்சி. வெறும் பெட்டியா உடச் சொல்றேன்."

உம்மா நிமிர்ந்தார். யன்னலடிக்குக் கதிரையை நகர்த்தினார். முக்காட்டைச் சரிசெய்தார். அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கப் போன மாதிரி முதுகை நிமிர்த்தி, கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னப் பாத்துக் கீறு."

"உங்களையா?"

"அண்டைக்கும் என்னப் பாத்துத்தானே கீறின. சிரிக்கவா?"

"வாணாம். சும்மா இருங்க."

புதுத் தாளை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். முதலில் வழக்கம் போலக் கைகளைத்தான் பார்த்தேன். நரம்பு புடைத்த, ஊசி குத்திய தழும்புள்ள கைகள். அவற்றை எனக்குத் தெரியும். பிறகு மேலே போனேன். முக்காட்டின் ஓரம். நெற்றியில் கோடுகள் இருந்தன, இரண்டு என்று நினைத்திருந்தேன், நாலு இருந்தன. இடது புருவத்தில் ஒரு வெட்டு. இது எப்போது வந்தது? கூடவே இருக்கிற மனுஷியை இத்தனை வருஷமாக நான் பார்க்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. யன்னலால் வந்த மழை வெளிச்சம் உம்மாவின் ஒரு கன்னத்தில் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. வீடு தண்ணீருக்கு அடியில் இருப்பது போல அமைதி. மூக்கு, வாய், தாடை என்று கண் தடவிக்கொண்டே போய், போகாமல் விட்டிருந்த இடத்துக்கு வந்தது.

உம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுகிற கண் இல்லை. அழுது, கழுவி, துடைத்து, சோறு வைக்கத் திரும்பி வந்த கண். அஹ்னாப் பிழைத்தான், படித்தான், போனான். வாப்பா ஒன்றும் தெரியாமலே மௌத்தானார். அந்தப் பார்வை மட்டும் போகவில்லை. அதே இடத்தில் இருந்தது. என் பென்சில் தாளுக்கு மேலே நின்றுவிட்டது.

"எனத்த அப்பிடிப் பாக்கிற?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இப்பயும் தெரியுதா?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் உம்மா சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பைக் கீறி அனுப்பினால் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயிருக்கும், எண்ணூறு பேரும் கைதட்டியிருப்பார்கள்.

"தெரியுது உம்மா."

உம்மா யன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். பிறகு முகத்தை என் பக்கம் இன்னும் நன்றாகத் திருப்பி வைத்தார்.

"அப்ப அப்பிடியே கீறு மகள்."

நான் கண்ணிலிருந்து தொடங்கினேன்.